ஸ்டீபன் மாமாவுக்கு வந்த மலர்வளையம்

மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் படியேறி வந்தபோது, ஸ்டீபன் மாமா கட்டிலில் தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

முன்னால் வந்தவர் சபையின் பெண்கள் சங்கத் தலைவி. அழுதுகொண்டே வந்தவர் அறை வாசலில் நின்றுவிட்டார். அழுகை நின்றது, வாய் மட்டும் மூடவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாததால் அவர்கள் அழுதபடியே வந்து அவர் முதுகில் முட்டினார்கள்.

மாமா தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மலர்வளையத்தைப் பார்த்தார். வந்தவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“யாருக்காக்கும்?” என்று கேட்டார்.

  மலர்வளையத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் தாளில் அவர் பெயரைத்தான் எழுதி ஒட்டியிருந்தது.

கழுத்தில் ஹெட்போன் தொங்க, மூச்சு வாங்க, அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவரைக் கொன்றவள் நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்கு மட்டுமே தெரியும். அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று பேர், ஒரு கேமரா

மல்டிமீடியா பட்டப்படிப்பில் நான் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் சொல்லியிருந்தேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொல்லயிலில் எங்கள் வீட்டில் அதைக் ‘கம்ப்யூட்டர் படிப்பு’ என்று சொல்லித்தான் சமாளித்தேன். மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று அப்பா பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களிடமெல்லாம் சொன்னார். மகளோ கல்லூரியில் வீடியோவுக்காக மழையையும் மாட்டு வண்டியையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பருவத்தில் ஒரு ப்ராஜெக்ட். மூன்று பேர் சேர்ந்து ஒரு மியூசிக் வீடியோ செய்ய வேண்டும். பாட்டு, குரல், படம் மூன்றும் சொந்தமாக இருக்க வேண்டும். இணையத்திலிருந்து ஒரு தாளத் துணுக்கை எடுத்துப் போட்டாலும் பூஜ்யம்தான் என்று எங்கள் ஆசிரியர் மலையாளத்தில் ஒரு தடவையும், என்னைப் போன்ற எல்லைக்காரர்களுக்காகத் தமிழில் ஒரு தடவையும் சொன்னார். இரண்டு மொழியிலும் பயமாகத்தான் இருந்தது.

எங்கள் குழுவில் பிளெஸ்ஸி பாட்டு, அஜித் கேமரா, நான் எடிட்டிங்.

அஜித் நெய்யாற்றின்கரைக்காரன். விடுமுறை நாட்களில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடுத்துப் பழகியவன். அதனால் அவனுக்கு எதையும் சுற்றிச் சுற்றித்தான் எடுக்க வரும். ஒரு மாமரத்தைக் காட்டினாலும் மணப்பெண்ணைச் சுற்றுவதுபோல மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் கேமராவை இறக்குவான்.

என்னைப் பற்றிச் சொல்வதென்றால், எனக்கு வாய் நீளம், கை அதைவிட வேகம். யாரும் கேட்காமலே எதையாவது திருத்திவிட்டுப் பிறகு சண்டை போடுவேன். இந்தக் கதைக்கு அந்தக் குணம்தான் காரணம்.

பிளெஸ்ஸிக்கு வீடு குளத்தூர்ப் பக்கம். பழைய மிஷன் காலத்துச் சபை. அவள் அப்பா ஸ்டீபன் மாமா அந்தச் சபையில் நெடுங்காலம் கோயில்பிள்ளையாக இருந்தவர். ஆலயத்தைத் திறப்பது, பெருக்குவது, மணியடிப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. நெஞ்சுவலி வந்து ஓய்ந்தபின் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டார். நாங்கள் ப்ராஜெக்ட் தொடங்கிய சமயத்தில்தான் மாமாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜினு வருவானா?

ஜினு அண்ணன் பிளெஸ்ஸியின் ஒரே அண்ணன். வளைகுடாவில் கட்டடங்களுக்கு ஏசி குழாய் பொருத்தும் வேலை. இரண்டு வருடமாக லீவு கேட்டுக்கொண்டிருந்தார். வேலை முடியட்டும் என்றே பதில் வந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லோருடைய அப்பாவுக்கும் ஏதாவது ஒரு சுகக்கேடு இருக்கத்தான் செய்யும் என்று மேலாளர் சொன்னாராம். இறந்துவிட்டால் மட்டும் உடனே பாஸ்போர்ட்டைக் கொடுத்து விடுவார்கள். அது அந்த கம்பெனியின் வழக்கம்.

பிளெஸ்ஸி எழுதிய பாட்டும் அதைப் பற்றித்தான். இரண்டு வரி எனக்கு இன்னும் வாயில் நிற்கிறது.

*வாறேன்னு சொன்ன ஆளுக்கு வழி நீளம் உண்டு,*
*வாசல் பாத்து இருக்கவருக்கு நேரம் இல்ல.*

காதல் பாட்டு என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

மணியை இழுத்தது

நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு மணி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மணி ஓட்டமாக அடிக்கும், நேரமாகிறது, சேலையைச் சீக்கிரம் கட்டு என்று விரட்டும். யாராவது இறந்தால் அடிப்பது வேறு. ஒரு அடி. அதன் ரீங்காரம் அடங்கும்வரை இடைவெளி. பிறகு இன்னொரு அடி.

அதைக் கேட்டால் அம்மா அம்மியில் கையை நிறுத்திவிடுவாள். அக்கம்பக்கத்தில் யார் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்ற பட்டியல் எங்கள் பக்கத்தில் எல்லோர் மனதிலும் உண்டு. மணி கேட்டதும் மனம் நேராக முதல் பெயருக்குப் போகும். அம்மாவுக்குப் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகவே தெரியும்.

பாட்டின் தொடக்கத்துக்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. பிளெஸ்ஸி ஞாயிறு காலை ஆலய மணியைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்தாள். நல்ல பதிவு, நடுவில் ஒரு காக்கை மட்டும் கத்தியது, அதை எடுத்துவிட்டேன். ஆனால் பாட்டுக்கும் மணிக்கும் ஒட்டவில்லை. பாட்டு நடந்துபோனது, மணி ஓடிப்போனது.

சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்க சாஃப்ட்வேரில் வழி உண்டு. துணுக்கின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்தால் போதும். இழுத்தேன். நாலு தாளத்துக்கு ஒரு அடி என்று வந்து விழுந்தது. எட்டு அடிகளை வைத்துக்கொண்டு மீதியை வெட்டினேன். அதன் பின்னால் ஆர்மோனியம், அதன் பின்னால் பிளெஸ்ஸியின் குரல்.

அவ்வளவு அழகாக இருந்தது. பிளெஸ்ஸியை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். மூன்றாவது அடியிலேயே அவள் கண் கலங்கிவிட்டது. பாட்டு நன்றாக வந்திருப்பதால் கலங்குகிறாள் என்று நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள்.

அதன்பிறகு நூறு தடவையாவது அதைக் கேட்டிருப்போம். கேட்டுக் கேட்டு அது எங்களுக்கு மணியாகவே இல்லை. அதற்கு ‘இன்ட்ரோ’ என்று பெயர் வைத்துவிட்டோம்.

சித்தப்பாவின் இதயங்கள்

இடம் தெரியாமல் எஃபெக்ட் போடுவது எங்கள் குடும்ப வியாதி என்று இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

என் சித்தப்பா முன்பு பாறசாலையில் வீடியோ கடை வைத்திருந்தார். கல்யாண கேசட்டில் மணமக்கள் தலைக்கு மேல் சிவப்பு இதயங்களைப் பறக்கவிடுவதில் அவர் பெயர் போனவர். ஒரு தடவை ஒரு வீட்டுப் பெரியவரின் பதினாறாம் நாள் சடங்கை எடுத்தார். முந்தின நாள் கல்யாணத்துக்கு வைத்திருந்த அமைப்பை மாற்ற மறந்துவிட்டார். படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றும் இடத்தில் இதயங்கள் பறந்தன.

அந்தக் குடும்பம் ஆறு மாதம் அவரிடம் பேசவில்லை. பிறகு அதே வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. சித்தப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்கள், இதயம் வேண்டாம் என்று.

சனிக்கிழமை, பதினொரு மணி

திங்கட்கிழமை வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பார்த்தால், அஜித் போனில் எடுத்திருந்த வயல் காட்சி முழுவதும் வாயும் பாட்டும் ஒட்டாமல் நழுவியது. வெளிச்சம் குறைந்தால் போன் தன் இஷ்டத்துக்கு வேகத்தை மாற்றிக்கொள்ளும். எங்களுக்கு அது தெரியாது. அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, கல்லூரிக் கேமராவை வாங்கி மறுநாளே திரும்ப எடுப்பது என்று முடிவு செய்தேன்.

காட்சி இதுதான். பிளெஸ்ஸி தூரத்தில் வயல் வரப்பில் பாடியபடி நடந்து வருவாள். அஜித் இந்தப் பக்கம் சாலையோரத்தில் நின்று எடுப்பான். அவ்வளவு தூரத்தில் அவளுக்குப் பாட்டு கேட்டால்தான் வாயசைக்க முடியும். எங்களிடம் இருந்த சின்ன ஸ்பீக்கரின் சத்தம் பாதி வயலைக்கூடத் தாண்டவில்லை.

ஆலயம் வயலை ஒட்டித்தான் இருந்தது. கோபுரத்தில் நாலு பக்கமும் பார்த்து நாலு குழாய் ஸ்பீக்கர். பிளெஸ்ஸி சபைப் போதகரான ஆயருக்குப் போன் செய்து அனுமதி கேட்டாள். அவர் ஏதோ கூட்டத்துக்காகத் திருவனந்தபுரத்தில் இருந்தார். மைக் செட்டைக் கெடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாராம். இப்போதைய கோயில்பிள்ளை சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு வேலையாகப் போய்விட்டார்.

பிளெஸ்ஸியின் போனை மைக் செட்டில் செருகினோம். பாட்டுக்கு நடுவில் யாராவது அழைத்தால் கெட்டுப்போகும் என்று அதை ஃப்ளைட் மோடில் போட்டேன். அதுவும் என் யோசனைதான்.

ஏழு டேக் எடுத்தோம். பாட்டு முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடும்படி வைத்திருந்தோம். எட்டு அடி, ஆர்மோனியம், குரல். பிறகு மறுபடி எட்டு அடி. ஆர்மோனியமும் குரலும் வயலைத் தாண்டவில்லை. மணி தாண்டியது. ஊருக்கு நாங்கள் அனுப்பியது மணியை மட்டும்.

ஐந்தாவது டேக்கில் பிளெஸ்ஸிக்குப் பின்னால் தூரத்து வரப்பில் யாரோ ஓடினார்கள். ஆறாவதில் ஐந்தாறு பேர். அஜித்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கோ எரிச்சல். ஏழாவது முடிந்ததும், ஃப்ரேமுக்குள் ஆள் வராதீர்கள் என்று சாலையில் போன ஒருவரிடம் கத்தினேன்.

லுங்கியை மடித்துக் கட்டி வேகமாக வந்துகொண்டிருந்தவர் நின்று என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு மனசாட்சி உண்டா பிள்ளே? சாவு விழுந்த நேரத்திலயா பாட்டு எடுக்குது?”

யார் இறந்தது என்று கேட்டேன். ஸ்டீபன் என்றார். மணியடித்துக்கொண்டே இருப்பது கேட்கவில்லையா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அதே நேரத்தில் பாட்டு தானாகத் திரும்ப ஓடத் தொடங்கி, கோபுரத்திலிருந்து முதல் அடி விழுந்தது. அன்றைக்குத்தான் அதை முதல் தடவையாக மணியாகக் கேட்டேன்.

அங்கே வரப்பில் பிளெஸ்ஸி அடுத்த டேக்குக்குத் தயாராக முடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளைக் கூட்டிவா என்று அஜித்திடம் சொல்லிவிட்டு ஆலயத்துக்குள் ஓடி ஒயரைப் பிடுங்கினேன். பிறகு தோப்பு வழியாக அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். மணியடித்தது நான்தான், சரி. ஆனால் மாமா உயிரோடுதான் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் அவர் தனியாக இருந்தார். பிளெஸ்ஸியின் அம்மா சரோஜம் மாமி மருந்து வாங்கப் பாறசாலைக்குப் போயிருந்தார். அந்த மணியை அவரும் கேட்டிருப்பாரே என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன்.

யாரென்று தெரியாமல்

அப்படி ஓடிப்போய்த்தான் அந்த நான்கு பேருக்குப் பின்னால் நின்றேன். வரப்பில் ஓடியவர்கள் உறவுக்காரர்களுக்குச் சொல்லப் போயிருந்ததால், வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த நான்கு பேர்தான்.

யாருக்கு என்று மாமா கேட்டதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். மணியைப் பதிந்தோம், நான் இழுத்தேன், மைக்கில் போட்டேன் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். சங்கத் தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மணியை எப்படி இழுப்பாய் என்று கேட்டார். மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

“நானும் கேட்டேன் மக்கா. யாரோ போயாச்சுண்ணு நினைச்சேன். பேரு தெரியாம அந்த ஆத்துமாவுக்காக ஜெபிச்சிட்டு இருந்தேன்.”

சொல்லிவிட்டு, தான் ஜெபித்தது யாருக்காக என்பது அவருக்கே உறைத்தது. தோள் குலுங்கச் சிரித்தார். நெஞ்சு தாங்குமா என்று எல்லோரும் பயந்து, சிரிக்க வேண்டாம் என்று அவரைக் கெஞ்சினார்கள்.

பிளெஸ்ஸி வரப்புச் சேற்றோடு ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் சரோஜம் மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். பஸ்ஸிலேயே யாரோ அவருக்குச் செய்தியைச் சொல்லிவிட்டார்கள். மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக அறைக்குள் போனார். மாமா அவரைப் பார்த்து, சாயா ஆறிப்போச்சு என்றார்.

மாமி கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார்.  நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அடி வாங்கத் தயாராகத்தான் இருந்தேன், உண்மையில் அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

மாமி என்னைக் கூப்பிட்டார். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“எத்தற நாளா இதுக்குப் பயந்து கெடந்தேன் தெரியுமா மக்கா. இன்னைக்கு அது வாசல் வரைக்கும் வந்திட்டுப் போயாச்சு. இனி எனக்கு அத்தற பயம் இல்ல.”

அப்போதுதான் நான் அழுதேன்.

நீ விளிக்கல்ல, நான் கேக்கல்ல

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் பிளெஸ்ஸி தன் போனை எடுத்து ஃப்ளைட் மோடை நீக்கினாள். போன் அவள் கையிலேயே நடுங்கத் தொடங்கி, நிற்கவே இல்லை.

சபையின் வாட்ஸ்அப் குழுவில் மாமாவின் படம் வந்திருந்தது. சுற்றிலும் பூ, மேலே புறா, கீழே மெழுகுவர்த்தி. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ முதல் மணி அடித்துக் கால் மணி நேரத்துக்குள் யாரோ செய்திருக்கிறார்கள். தொழில்காரியாகச் சொல்கிறேன், சுத்தமான வேலை. கீழே அனுதாபச் செய்திகள் வரிசையாக. நடுவில் ஜினு அண்ணனின் தவறிய அழைப்புகள், அம்மா எங்கே, நீ எங்கே, போனை எடு என்று.

பிளெஸ்ஸி அண்ணனை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். வண்டி ஓடும் சத்தம் கேட்டது.

“அண்ணா, அப்பா இருக்காரு. வந்த செய்தி தெற்றிப்போச்சு. அப்பா இருக்காரு.”

 பிளெஸ்ஸி போனை மாமாவின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். எலே, நான் சாயா குடிச்சிட்டு இருக்கேன் என்றார் மாமா.

ஜினு அண்ணன் அழுதது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலப் பேசினார். கம்பெனி வண்டியில் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் படத்தை மேலாளரிடம் காட்டியிருக்கிறார். அவர் எழுந்து நின்று தோளில் கை வைத்து, பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்து, பத்து நாள் போய்வா என்று சொல்லியிருக்கிறார்.

“பிளெஸ்ஸி, கேட்டியா. நீ என்னைய விளிக்கல்ல. நான் ஒண்ணும் கேக்கல்ல. நான் விமானம் ஏறுத வரைக்கும் அப்பா போனவராக்கும்.”

அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அறையில் இருந்த எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த கம்பெனியிலேயே எங்கள் பக்கத்துப் பையன்கள் இன்னும் இரண்டு பேர் வேலை செய்தார்கள், அவர்களும் அதே குழுவில் இருந்தார்கள். செய்தியைத் திருத்தினால் அந்த நிமிடமே மேலாளருக்குப் போய்விடும். மறுப்புச் செய்தி எழுதத் தொடங்கியிருந்த சங்கத் தலைவி விரலை எடுத்துக்கொண்டார். போனை அணைத்து இடுப்பில் செருகினார்.

அன்று மாலைவரை அந்த ஊர் ஸ்டீபன் மாமாவைச் சாகவைத்தே வைத்திருந்தது. வெளியூர்க்காரர்கள் அழைத்துக் கேட்டால், அடக்கம் எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து திரும்பிய ஆயருக்கு மட்டும் மனம் உறுத்தியது. கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தார். பிறகு, நான் இன்றைக்குப் போனே பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா தனக்கு வந்த அனுதாபச் செய்திகளை பிளெஸ்ஸியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு பெயர் வந்ததும், இவன் எனக்கிட்ட ஒரு வார்த்த மிண்டி நாலு வருஷம் ஆச்சே, இவனுக்கும் சங்கடமா என்று வியந்தார். அடுத்த வாரம் அந்த ஆள் நேரில் வந்து, உயிரோடு இருப்பவரிடம் சமாதானமும் ஆகிவிட்டார்.

ஒன்பது நாள்

ஜினு அண்ணன் மறுநாள் காலை வந்தார். காலில் வேலைக்குப் போடும் தடித்த ஷூ, கையில் ஒரு சின்னப் பை. மாமா அவரை மேலும் கீழும் பார்த்து, மீசைய எடுத்தாச்சா என்று மட்டும் கேட்டார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே வந்துவிட்டோம்.

ஒன்பது நாள் இருந்தார். சவரம் செய்துவிட்டார், குளிப்பாட்டினார், ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டுபோய் ஆலயத்தைச் சுற்றிக் காட்டினார். திரும்பிப் போன அன்று அவருடைய கம்பெனியில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்களாம். அவரும் கூடவே நிற்க வேண்டியதாயிற்று. உண்மை தெரிந்த அந்த இரண்டு பையன்களும் காட்டிக்கொடுக்கவில்லை, தனக்கும் அதைச் சொல்ல அதன்பிறகு வாய் வரவில்லை என்றார்.

வீடியோவைத் திங்கட்கிழமை கொடுத்தோம். மணியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வெறும் காற்றுச் சத்தத்தை வைத்தேன். ஆறாவது டேக்கை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. பிளெஸ்ஸி நிதானமாகப் பாடிக்கொண்டு வருகிறாள், அவளுக்குப் பின்னால் ஊர் ஓடுகிறது. இருக்கட்டும் என்று அவளும் சொன்னாள். ஆசிரியர் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, இத்தனை பேரை எப்படி நடிக்க வைத்தீர்கள் என்று கேட்டார். ஊர்க்காரர்கள் நன்றாக ஒத்துழைத்தார்கள் சார் என்றான் அஜித். அவ்வளவு இயல்பாக இருக்கிறதே என்றார் ஆசிரியர். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு லீவு

திருப்பி அனுப்பிய டாக்டர்களைத் தோற்கடித்து ஸ்டீபன் மாமா இன்னும் ஒன்றரை வருடம் இருந்தார். பிறகு ஒரு மழைநாளில், தூக்கத்திலேயே போனார்.

ஜினு அண்ணன் லீவு கேட்கவே இல்லை. கேட்டு என்ன பயன்? தகப்பனார் இறந்ததற்கு லீவு எடுத்தாயிற்று என்று அவர் பெயருக்கு எதிரே கம்பெனியில் எழுதியிருந்தது.

அடக்கத்தை அவர் பார்க்கட்டும் என்று நான்தான் போனைப் பிடித்தேன். மழை லென்ஸில் விழாமல் அஜித் குடை பிடித்தான். கை ஆடக்கூடாது என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். திரையின் மூலையில் சின்னதாக அவர் முகம், தலையில் வேலைத் தொப்பி, பின்னால் பாதி கட்டிய சுவர். மதியச் சாப்பாட்டு நேரத்தை அதற்கு ஒதுக்கியிருந்தார்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் போனைத் தோப்புப் பக்கம் எடுத்துப் போனேன். ஒன்றரை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். என்னால்தான் அண்ணா இன்றைக்கு நீங்கள் வர முடியவில்லை, நான் மட்டும் அன்றைக்கு அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் என்று இழுத்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

“சுஜா, ஒரு அப்பனுக்கு ஒரு லீவுதான் கிட்டும். நான் அத அப்பா இருக்கும்ப எடுத்தாச்சு.”

பின்னால் யாரோ அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். வைக்கிறேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். நனைந்த தென்னை மட்டை ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்தேன். சாவு வீட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனால் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.